தட்டில் செத்த கிருமி

பிரித்திகாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் எழுத விடமாட்டாள். திருப்பதியில் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியிருக்கிறோம். நான் ரக்ஷிதா, காட்பாடிக்காரி, ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே தின்று பெருத்தவள். அவள் வடமாலபேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள், அதுவும் உருப்படியான வார்த்தையாக இருக்கும்.

எங்கள் வேலை என்னவென்று யாராவது கேட்டால் இலை காய்ச்சுகிறோம் என்பேன். பாதிப் பேர் கஷாயக் கடை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் வேலை அதுதான். ஒரு செடியின் இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவோம். அந்தச் சாற்றை வெள்ளி உப்பு கரைத்த தண்ணீரில் விட்டால், வெளிர் மஞ்சளாக இருப்பது மெல்ல மெல்ல டிகாஷன் நிறத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் அதில் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். பிறகு கிருமியை ஒரு தட்டில் பாய் விரித்த மாதிரி வளர்த்து, நடுவில் சின்னக் குழி போட்டு, அதில் ஒரு சொட்டு விடுவோம். மறுநாள் குழியைச் சுற்றி வெறும் வட்டம் தெரிந்தால் கிருமி செத்துவிட்டது. வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து கட்டுரை எழுதுவோம்.

ஆன்டிபயாடிக் எதற்கும் மசியாத கிருமிகள் பெருகிவிட்டன, உடனடியாகப் புது மருந்து வேண்டும். எங்கள் கட்டுரை ஒவ்வொன்றும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஊரையே கொல்கிற கிருமியும் எங்கள் தட்டில் சமர்த்தாகச் செத்துப்போகும். ஆனால் அந்தத் தட்டிலிருந்து கிளம்பி ஒரு மனுஷனின் புண்வரைக்கும் போய்ச் சேர்ந்த மருந்து ஒன்றைக்கூட நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. இந்தத் தொழில்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிரித்திகா எடுத்துக்கொண்ட செடி நொச்சி. அவள் அப்பா மாசிலாமணிதான் கொண்டுவந்து கொடுப்பார். அவருடைய அப்பா காலத்தில் கைப்பிடி மண்கூடச் சொந்தமாக இல்லாத குடும்பம். இப்போது கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. அந்தக் கிணற்று மேட்டில் வளர்ந்த நொச்சியைக் கொத்துக் கொத்தாக ஒடித்து, உரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். கூடத்துக்குள் வரமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார். ஒருமுறை சடகோபன் சார், அவர்தான் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், வெளியே வந்து, "உங்க இலை பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஆராய்ச்சியில் பாதி தன்னுடையது என்று மாசிலாமணி முடிவு செய்துவிட்டார். நாங்கள் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். ஆனால் மனசுக்குள் நம்பினார்.

மாம்பழக் காலத்தில் அவர் சித்தூருக்குப் போய்விடுவார். அங்கே மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் கழுவுகிற இடத்தில் வேலை. நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நிற்கவேண்டும். ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். கால் வேகிறது என்று அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பார். சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி கம்மி. பழப் பெட்டியின் ஆணி ஒன்று உள்ளங்காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. கால் வீங்கி நாற்றம் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். சீசன் நடக்கும்போது லீவு போட மனசு வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு நாளைக்கு மட்டும் மாத்திரை வாங்குவார், வீக்கம் வற்றினால் நிறுத்திவிடுவார், மறுபடி வீங்கினால் வேறு கலர் மாத்திரை வாங்குவார். ஃபேக்டரியில் எல்லோருமே அப்படித்தான். மருந்தை அரைகுறையாகத் தின்பதால் கிருமிகள் எப்படித் தேறிவிடுகின்றன என்று அவருடைய மகள் அதே நாட்களில் திருப்பதியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

சீசன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது பாதத்தில் சுண்டைக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிரித்திகா பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். படுக்கவைத்தார்கள். சீழை எடுத்து வளர்த்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். அதைப் படிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி பணியவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றும் கிட்னியைத் தின்கிற மருந்து. அவருக்கு ஏற்கனவே கிட்னி பாதிதான் வேலை செய்கிறது. அறிக்கையைப் படித்துவிட்டு அவள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "இத்தினி நாளா நான் இன்னாத்த படிச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எங்களுக்குக் கிருமி வாங்கிக்கொள்ள அனுமதி உண்டு. அந்த முறை அவள் தன் அப்பாவின் கிருமியைக் கேட்டு வாங்கிவந்தாள். தட்டில் பரப்பினாள். நொச்சி வெள்ளியை விட்டாள். மறுநாள் தட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவ்வளவு பெரிய வட்டத்தை எங்கள் கூடத்தில் யாருமே பார்த்ததில்லை. பளிச்சென்று, ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. சடகோபன் சார் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது சொக்கத் தங்கம்மா! யாரோட கேஸ் இது?" என்றார்.

"எங்க நைனாது சார்" என்றாள்.

சார் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவள் தோளைத் தட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரித்திகா ஒரு தப்புச் செய்தாள். அதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது, எந்த மகளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிற மனுஷனுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று, அந்தத் தட்டைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே, "நைனா, உன் கால்ல கீற கிருமி நம்ம நொச்சில செத்துப்போச்சி" என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் போனபோது வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாசிலாமணி எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்த போட்டோவை நர்ஸிலிருந்து தரை துடைக்கிற அம்மாவரை எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தார். "என் பொண்ணுதான் கண்டுபுடிச்சா. எல நம்ம கெணத்து மேட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் கங்கையா என்ற பெரியவர், அவருக்கும் கால் புண்தான், பிரித்திகாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கும் கொஞ்சம் கொடும்மா என்று தெலுங்கில் கேட்டார். அவள் முகம் வெளிறிப்போனது. அவள் அம்மா பத்மாவதி மட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவரைக் கவனித்துவந்த டாக்டர் சுதீர் எங்களைக் கூப்பிட்டார். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். கிருமி எலும்புக்குள் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். தள்ளிப்போட்டால் முழங்காலுக்கு மேலே போகும். ரத்தத்தில் கலந்துவிட்டால் காலை எடுத்தும் பிரயோஜனமில்லை. "ஆனா மீ நான்ன சந்தகம் பெட்டமாட்டேங்கறாரு" என்று, அப்பா கையெழுத்துப் போட மறுப்பதை, அவர் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலுமாகக் குமுறினார். "கையெழுத்து கேட்டா போன காட்றாரு. என் பொண்ணு மருந்து வந்துகினே கீதுன்றாரு. இன்னாம்மா மருந்து அது?"

பிரித்திகா சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். நல்ல மனுஷன், கோபம் தணிந்துவிட்டது. "அம்மா, அவர் கால்ல மொதல் நாள்லேர்ந்து நாங்க சுத்தற கட்டுலயும் வெள்ளிதான் கீது" என்றார். "மேல போட்றது எலும்புக்குள்ள போவாது. நீ தட்டுல ஊத்தன. தட்டுக்கு எலும்பு இல்ல."

அதற்குப் பிறகு அவள் தன் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கூடவே இருந்து பார்த்தேன். உண்மை அவ்வளவு பலவீனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நைனா, அது தட்டுல மட்டும்தான். இன்னும் எலிக்கே குடுத்துப் பாக்கல" என்றாள்.

"எலிக்கு அப்பறம் மனுசன்தான? என்ன எலின்னு நெனச்சிக்க. ஊத்து."

"அப்படி ஊத்தக்கூடாது நைனா. மேல ஊத்தினா உள்ள போவாது. உன் கட்டுல ஏற்கனவே வெள்ளி போட்டுத்தான் கீறாங்க."

"ஆஸ்பத்திரி வெள்ளி வேற, நம்ம நொச்சி போட்ட வெள்ளி வேற. நீயே சொல்லிகீற, எல சேந்தாதான் அதுக்கு வேகம்னு."

அவள்தான் சொல்லியிருந்தாள். இலைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷனுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எப்போதோ சொன்னது. இப்போது அதையே அவள் முகத்தில் திருப்பி அடித்தார். என்ன சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது, எல்லாப் பதிலும் அவள் கொடுத்ததாகவே இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "டாக்டருங்க உட மாட்டாங்கன்னு பயமா? ஒரு பாட்டில்ல ஊத்திக்கினு வா. யாருக்கும் தெரியாம போட்டுக்கலாம்" என்றார்.

அவள் எடுத்தும் விட்டாள். ஒரு மத்தியானம் குளிர்பெட்டியிலிருந்து அந்தப் பழுப்புத் தண்ணீர் பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். "உனக்குப் பைத்தியமாடி?" என்று பையைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. "ஒருவேள போச்சின்னா? ஒருவேள எலும்புக்குள்ளயும் போச்சின்னா ரக்ஷிதா? யாரு பாத்தா?" என்றாள். பி.எச்.டி. முடிக்கப் போகிற பெண் பேசுகிற பேச்சா அது? நான் கத்தினேன். அவளும் கத்தினாள். இரண்டு பேரும் ஒரு பையின் இரண்டு வாரைப் பிடித்துக்கொண்டு அழுதோம். கடைசியில் அவளே பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். புத்தி தெளிந்து கவிழ்த்தாள் என்று சொல்லமாட்டேன். கை தளர்ந்துபோய்க் கவிழ்த்தாள்.

அடுத்த நாள் மாசிலாமணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். கால் முழங்கால்வரை கறுத்துப் பளபளத்தது. டாக்டர் சுதீர், இன்றைக்கே செய்தாக வேண்டும், அதுவும் முழங்காலுக்கு மேலே என்றார். பத்மாவதி அம்மா புருஷனின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு, "போட்டுடுய்யா, கையெழுத்து போட்டுடு, தாலிப் பிச்ச கேக்கறன்" என்று கதறினார். அந்தக் காய்ச்சலிலும் அவர், "இரு பத்மா, பொண்ணு மருந்து எட்தாந்துகினு இருக்கா" என்றார்.

பிரித்திகா வார்டுக்கு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலின்மேல் உட்கார்ந்தாள். அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியாது. என்னிடம் யோசனை கேட்கவில்லை.

"நைனா, ஒண்ணு சொல்லணும். திட்டாத" என்றாள். "அந்த போட்டோல கீறது உன் கிருமி இல்ல."

அவர் விழித்தார்.

"தட்டு மாறிப்போச்சி நைனா. நான்தான் மாத்தி வெச்சிட்டன். அது எதுக்கும் சாவற சாதா கிருமி. உன்னுது மேல திரும்ப ஊத்திப் பாத்தன். ஒண்ணும் ஆவல. நல்லா தழச்சிக்கினு கீது. நொச்சிக்கு அதுக்கெல்லாம் சக்தி இல்ல."

"சாரு நல்லா கீதுன்னாரே?"

"சாருக்கும் தெரிஞ்சிபோச்சி. இப்படி கேவலப்படுத்திட்டியேன்னு என்ன வெளிய அனுப்பிட்டாரு. இனிமே எனக்கு லேபு இல்ல நைனா. படிப்பு போச்சி."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நெஜமாம்மா? நீயும் பாத்தியா?"

அந்தப் பெரிய வட்டத்தை என் கையாலேயே ஸ்கேல் வைத்து அளந்தவள் நான். "ஆமாம்ப்பா" என்றேன்.

வெகுநேரம் அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது, அவ்வளவுதான். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு பெண்ணைப் படிக்கவைத்து, வார்டு முழுக்க அவளைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தீராமல் இருந்த மனுஷன். கங்கையா காதில் விழுந்துவிடப் போகிறதே என்று குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். பிறகு டாக்டரிடம் கையை நீட்டினார். "எங்க போடணும், குடுங்க."

உயிர் பிழைத்தது. முழங்காலுக்கு மேலே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள். கிட்னியைத் தின்கிற அந்த மருந்தையும் ஏற்றினார்கள். கிட்னி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் பத்மாவதி அம்மா டாக்டர் காலில் விழப்போனார். மாசிலாமணி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

பொய் சொன்னவளுக்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு எங்கே தெரியும்! வீட்டுக்குப் போனதும் அவர், "லேபு போனா போவுது, ஸ்ரீசிட்டில எவ்ளோ கம்பெனி கீது" என்று சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வேலைக்கு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பிரித்திகா முந்திக்கொண்டு, வேலை கிடைத்துவிட்டது என்று இன்னொரு பொய் சொன்னாள். வடமாலபேட்டையில் அவர்கள் வீடு ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கம் நின்றால் திருப்பதி பஸ், வீட்டுப் பக்கம் நின்றால் புத்தூர் வழியாக ஸ்ரீசிட்டிப் பக்கம் போகிற பஸ். தினமும் அவள் வீட்டுப் பக்கம் நின்று, அவர் கண்ணெதிரே புத்தூர் பஸ்ஸில் ஏறுவாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, திருப்பதி பஸ்ஸைப் பிடிப்பாள். அந்த பஸ் வீட்டைக் கடக்கும்போது செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். வெள்ளி உப்பு பட்டால் விரல் கறுத்துவிடும், கழுவினாலும் போகாது. அதனால் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வாள்.

"சொல்லித் தொலையேன்டி" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "காலைத்தான் எடுத்தாச்சே, இனிமே என்ன?"

"சொன்னா, அப்போ மருந்து நெஜந்தானா, எங்காலு ஏன் போச்சின்னு கேப்பாரு. எலும்புன்னு சொன்னா இப்ப மட்டும் ஒத்துக்குவாரா? கடைசி வரிக்கும் நான் அத குடுத்திருந்தா காலு பொழச்சிருக்கும்னே நெனச்சிக்கினு கெடப்பாரு" என்றாள்.

போன மாதம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. எங்கள் பக்கம் அது கல்யாணம் மாதிரி. அப்பா அம்மா பட்டுப்புடவையும் புதுவேட்டியுமாக வந்து முன்வரிசையில் உட்காருவார்கள், படிப்பு ஒன்றும் புரியாமலேயே கடைசியில் கைதட்டுவார்கள். பிரித்திகாவின் முன்வரிசையில் நான் போய் உட்கார்ந்தேன். திரையில் அந்தத் தட்டு வந்தபோது வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எக்ஸலெண்ட்" என்றார். அவள் நன்றி என்றாள். தேர்ச்சி என்று அறிவித்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

லட்டு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. வராந்தாவுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"வேலைல கீறியாம்மா?"

"ஆமா நைனா."

"துன்னியா?"

"துன்னன் நைனா."

"ஒண்ணுமில்ல. ஒக்காந்துகினு இருந்தனா, ஒன்னப் பத்தி நெனப்பு வந்துச்சி. தோத்துட்டோமேன்னு மனசுல வெச்சிக்கினு கெடக்காதம்மா. எனக்கு காலு போனதுல வருத்தம் இல்ல. அந்தப் படிப்பு ஒனக்கு வரலன்றதுதான் வருத்தம். அதுக்கு இன்னா பண்றது, எல்லாருக்குமா வரும்?"

"சரி நைனா" என்றாள்.

உள்ளேயிருந்து சடகோபன் சார், "டாக்டர் பிரித்திகா எங்கம்மா? போட்டோ எடுக்கணும்" என்று உற்சாகமாகக் கூப்பிட்டார். அவள் அவசரமாகப் போனின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தினாள்.

"யாரும்மா அது கூப்படறது?" என்றார் அவர்.

"சூப்பர்வைசர் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.